கூரியர் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறது, வாங்கியவர் ‘வரவில்லை’ என்கிறார்: பணத்தை நான் திருப்பித் தர வேண்டுமா?

செட்டிநாட்டுநூல் | மார்ச் 4, காலை 9.40

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாகக் கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்றுவருகிறேன். கடை கிடையாது, வீட்டுக் கூடத்தில்தான் எல்லாம். வாட்ஸாப்பில் படம் போடுவேன். வேண்டியவர்கள் பணம் அனுப்பியதும் மறுநாள் கூரியரில் சேர்ப்பேன். இதுவரை ஒரு பார்சல்கூடத் தொலைந்ததில்லை.

பிப்ரவரி 17 அன்று புனேயில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு ஐந்து சேலைகள் அனுப்பினேன். விலை 6,500 ரூபாய், கூரியர் கட்டணம் 310. மகளின் வளைகாப்புக்காக வாங்கினார். 22ஆம் தேதி மதியம் ‘டெலிவரி செய்யப்பட்டது’ என்று இணையத்தில் வந்துவிட்டது. அன்று மாலை அவரே அழைத்து, “நாள் முழுவதும் வீட்டில்தான் இருந்தேன் அம்மா, யாரும் வரவில்லையே” என்றார். மார்ச் 1 அன்று வளைகாப்பும் முடிந்துவிட்டது. சேலை போய்ச் சேரவில்லை.

பதிவு செய்த கிளைக்கு நான்கு முறை நடந்துவிட்டேன். “கணினியில் டெலிவரி என்று இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது” என்கிறார்கள். அழுத்திக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, அதிகபட்சம் 500 ரூபாய்தான் இழப்பீடு என்றார்கள்.

ஐந்தில் இரண்டு சேலைகள் அந்த அம்மா நிறம் சொல்லிக் கேட்டவை: மஞ்சள் உடல், அரக்குக் கரை, சிறு கட்டம். வயதான நெசவாளர் ஒருவர் தனியாகப் பாவு ஓட்டி நெய்து கொடுத்தார். அவருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. 6,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் இந்த மாதம் நூல் வாங்கக் கையில் காசு இருக்காது. கொடுக்காமல் இருந்தால் இரவில் தூக்கம் வராது. என்ன செய்யலாம்?

கேமராப்பெட்டி | மார்ச் 4, காலை 10.25

சகோதரி, அவசரப்பட்டுப் பணத்தை அனுப்பிவிடாதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

திருச்சியில் பழைய கேமராக்களும் லென்ஸுகளும் விற்கிறேன். 14,000 ரூபாய்க்கு ஒரு லென்ஸ் விற்றேன். வாங்கியவர் “பெட்டிக்குள் வெறும் காகிதம்தான் இருந்தது” என்று சொன்னார். நம்பி, முழுப் பணத்தையும் அன்றே திருப்பினேன். இரண்டு மாதம் கழித்து அதே வரிசை எண் கொண்ட அதே லென்ஸ் இன்னொரு விற்பனைக் குழுவில் படத்தோடு வந்தது. அந்த எண்ணைப் பார்த்த நொடியில் என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கூரியரின் பதிவில் டெலிவரி ஆகியிருக்கிறது. வரவில்லை என்பதற்கு அவர் எழுத்து மூலம் ஏதாவது கொடுக்கட்டும். அதுவரை பொறுங்கள்.

பழையபுத்தகம் | மார்ச் 4, முற்பகல் 11.50

கேமராப்பெட்டி நண்பருக்கு நடந்தது அநியாயம். அதற்காக அந்தப் புனே அம்மாவைச் சந்தேகப்பட்டியலில் வைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

யோசித்துப் பாருங்கள். கூரியரைத் தேர்ந்தெடுத்தது விற்றவர். ரசீது விற்றவர் பெயரில். கூரியர் அலுவலகத்துக்கு அந்த அம்மா போய்க் கேட்டால், “அனுப்பியவரைக் கேட்கச் சொல்லுங்கள்” என்பார்கள். கையில் ஒரு காகிதம்கூட இல்லாதவர் அவர். முன்பணம் கொடுத்துவிட்டு, வீட்டு விசேஷத்துக்குச் சேலையும் இல்லாமல் நின்றவர். வரவில்லை என்பதை அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? வராத ஒன்றுக்கு ரசீது உண்டா?

பதிப்பில் இல்லாத பழைய தமிழ் நூல்களைப் பதினொரு ஆண்டுகளாக அனுப்பிவருகிறேன். நான்கு பார்சல்கள் தொலைந்திருக்கின்றன. நான்கு முறையும் முதலில் வாசகருக்குப் பணத்தைக் கொடுத்தேன், பிறகு நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றேன். அந்த நான்கு பேரில் மூவர் இன்றும் என்னிடம் வாங்குகிறார்கள். பணமில்லை என்றால் இரண்டு தவணையாகத் தருகிறேன் என்று அவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

தபால்பை | மார்ச் 4, பிற்பகல் 3.15

அஞ்சல் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள், அதில் பாதி ரயில் அஞ்சல் பிரிப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தனியார் கூரியரின் நடைமுறை வேறு என்றாலும் பொட்டலம் வழிதவறும் விதம் எங்கும் ஒன்றுதான். பார்சல் காற்றில் கரைவதில்லை. எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அல்லது யார் கைக்கோ போயிருக்கும்.

முதல் காரணம் முகவரி. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்ததே, ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்கத்தான். ராமநாதபுரம் என்றால் மாவட்டத் தலைநகரும் உண்டு, கோவை மாநகருக்குள் ஒரு பகுதியும் உண்டு. ஆறு இலக்கத்தில் முதல் மூன்று எந்த மாவட்டப் பிரிப்பகம் என்று சொல்லும், கடைசி மூன்று எந்த அலுவலகம் என்று சொல்லும். பின்பாதியில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் பார்சல் சரியான நகரத்துக்குப் போய்த் தவறான பகுதியில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, ஒட்டிய தாள் கிழிவது. முகவரி போன பொட்டலம் ஊமைக் குழந்தை மாதிரி. எந்த ஊர் என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் எங்களிடம் யார் கேட்டாலும், உள்ளேயும் ஒரு சீட்டில் இரண்டு முகவரிகளையும் எழுதிப் போடுங்கள் என்போம்.

மூன்றாவதுதான் உங்கள் வழக்குக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது: தவறான கை. பக்கத்து வீடு, காவலாளி அறை, இன்னொரு கட்டடம். சில இடங்களில் அன்றைய கணக்கை முடிப்பதற்காகப் பொருளைக் கொடுக்கும் முன்பே ‘டெலிவரி’ என்று பதிந்துவிடுகிறார்கள்.

ஆகவே மகளே, “என் பார்சல் எங்கே” என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்குக் கணினியைப் பார்த்து ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஒப்படைப்புச் சான்றைக் கேளுங்கள். பி.ஓ.டி. என்பார்கள். யார் கையெழுத்திட்டார், எத்தனை மணிக்கு, புகைப்படம் எடுத்தார்களா, ஓ.டி.பி. வாங்கினார்களா, இறுதியாக எடை போட்ட இடத்தில் எத்தனை கிராம். இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டதற்கு எங்கும் பதிவு இல்லை. கூடவே அந்த அம்மாவை, குடியிருப்புக் காவலாளியின் வருகைப் பதிவேட்டில் 22ஆம் தேதிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிசிடிவி பதிவுகளைப் பல இடங்களில் சில வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. அதை இன்றே கேட்க வேண்டும்.

செட்டிநாட்டுநூல் | மார்ச் 6, இரவு 8.05

தபால்பை ஐயாவுக்குக் கைகூப்பி வணக்கம். நீங்கள் எழுதியதை அப்படியே மின்னஞ்சலில் கேட்டேன். இன்று மாலை பி.ஓ.டி. வந்தது. புகைப்படமும் இருக்கிறது.

படத்தில் ஒரு கதவுக்கு வெளியே என் பொட்டலம் நிற்கிறது. என் கையால் கட்டிய மஞ்சள் நூல்கூடத் தெரிகிறது. கதவில் ‘பி 204’ என்று இருக்கிறது. அந்த அம்மாவின் வீடு ‘டி 204’.

உடனே அவரை அழைத்தேன். அவரும் மகனும் பி கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்த வீடு காலி. உள்ளே மரவேலை நடந்துகொண்டிருந்ததாம், வேலையாட்கள் போன வாரமே முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கையெழுத்து யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. பொட்டலமும் இல்லை.

இன்னொன்று. நான் முகவரியை அச்சடித்து ஒட்டித்தான் கொடுத்தேன். அனுப்பும் முன் எடுத்த படத்தில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து தெளிவாக இருக்கிறது. அந்தத் தாளின் மேல், கிளையில் இருந்தவர் தடித்த மை பேனாவால் எழுதிய வேறொரு தாளை ஒட்டியிருக்கிறார். அதில்தான் ‘டி’ பார்ப்பதற்கு ‘பி’ போல இருக்கிறது.

இன்று இரவே அந்த அம்மாவுக்கு 6,500 ரூபாயையும் அனுப்பிவிட்டேன். வேண்டாம், மெதுவாகக் கொடு என்றுதான் சொன்னார். என் மனம் கேட்கவில்லை.

கேமராப்பெட்டி | மார்ச் 6, இரவு 8.40

நான் எழுதியதற்கு வருந்துகிறேன், சகோதரி. அந்த அம்மாவிடமும் என் சார்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இருந்தாலும் சான்றைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வரிசை சரி என்றே இன்னும் நினைக்கிறேன்.

சட்டப்பக்கம் | மார்ச் 7, காலை 7.30

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். இந்த இழையில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையே ஒன்று, உங்களுக்கும் கூரியருக்கும் இடையே ஒன்று.

முதலாவதற்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 39ஆவது பிரிவுப்படி, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகப் பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தால், அதுவே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் பார்வையில் கொள்ளப்படும். கேமராப்பெட்டியின் வாதத்துக்கு இதில் இடம் உண்டு. ஆனால் அதே பிரிவு, பொருளின் தன்மைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் கூரியரோடு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. செய்யாமல் வழியில் தொலைந்தால் ‘எனக்கு ஒப்படைத்ததாக ஏற்க மாட்டேன்’ என்று வாங்குபவர் மறுக்கலாம். தவிர, உங்கள் விற்பனைப் பக்கத்தில் ‘வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறோம்’ என்று எழுதியிருந்தால் அந்த வாக்குதான் முன்னால் நிற்கும். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறோம். நீங்கள் பணத்தைக் கொடுத்தது மனசாட்சிக்கும் சரி, சட்டத்துக்கும் சரி.

இரண்டாவது கணக்கில்தான் சண்டை. ரசீதின் பின்பக்கத்தில் 500 ரூபாய் என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. இதில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கை அறிந்துகொள்ளுங்கள். ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. அனுப்பியவர் லட்சக்கணக்கில் இழப்பீடு கேட்டார். ரசீதில் 100 டாலர்தான் வரம்பு என்று இருந்தது, அவர் கையொப்பமும் இட்டிருந்தார். அந்த வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் உயிர் கையொப்பத்தில் இருக்கிறது. அனுப்பியவர் கையொப்பமிடாத, யாரும் எடுத்துச் சொல்லாத நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன.

எனவே என் முதல் கேள்வி: உங்கள் ரசீதில் ‘அனுப்புநர் கையொப்பம்’ என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

செட்டிநாட்டுநூல் | மார்ச் 7, காலை 8.10

வெற்றிடம், ஐயா. கிளையின் முத்திரை மட்டும் இருக்கிறது. மதிப்பு என்ற கட்டத்தில் 6,500 என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். விலைச்சீட்டின் நகலையும் பின் செய்து கொடுத்தேன்.

சட்டப்பக்கம் | மார்ச் 7, காலை 8.35

அப்படியானால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அந்த ரசீதின் இரு பக்கங்களையும் இன்றே படமெடுத்து வையுங்கள். வெயில் பட்டால் அந்த மை மங்கிவிடும்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007 என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களும் அதன் வரையறைக்குள் வருகின்றன. அதன் 16ஆவது பிரிவை விற்பனையாளர் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைக்க வேண்டும். பொருள் தொலைந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் வழக்கே தொடுக்க முடியாது. ‘தேடிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பேச்சில் ஆறு மாதத்தைக் கரைத்தவர்கள் எத்தனையோ பேர் என் அலுவலகத்தில் அழுதிருக்கிறார்கள்.

நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். புனேக்கு அலைய வேண்டாம், சிவகங்கை போதும். வழக்கை எந்த நிலை ஆணையம் விசாரிக்கும் என்பதை, நீங்கள் கட்டிய கட்டணத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அது ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. ‘நீ வியாபாரி, நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, அதே நியாயத்தைச் சேவைக்கும் சொல்லி வாதிடலாம். வீட்டுக் கூடத்தில் சேலை மடிக்கும் பெண்ணுக்காகவே எழுதியது போல இருக்கும் அந்த விளக்கம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பிறகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு, கிளைக்கு அல்ல, ஒப்புகை கிடைக்கும்படி ஓர் அறிவிப்பு. வக்கீல் கடிதத்தாள் தேவையில்லை, நீங்களே தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பதிவு எண், தேதி, மதிப்பு, பி 204 படம், உங்கள் அச்சு முகவரியின் படம், கேட்கும் தொகை, 15 நாள் அவகாசம்.

கூடல்நகர்வாசி | மார்ச் 7, பகல் 12.20

இடையில் ஓர் எச்சரிக்கை. பார்சல் தொலைந்த பதற்றத்தில் இருப்பவர்களைக் குறிவைத்தே மோசடி நடக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ பல நேரம் போலி. என் தங்கை அப்படி ஓர் எண்ணை அழைத்தாள். “மறு டெலிவரிக்கு ஐந்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்” என்று ஒரு சுட்டி அனுப்பினார்கள். அதைத் தொட்டு விவரங்களை நிரப்பியதும் கணக்கிலிருந்து 23,000 ரூபாய் போய்விட்டது. ‘உங்கள் முகவரி முழுமையாக இல்லை’ என்று அஞ்சல் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்திகளும் பொய் என்று மத்திய அரசே எச்சரித்திருக்கிறது. ரசீதில் அச்சடித்த எண்ணை மட்டும் அழையுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பழையபுத்தகம் | மார்ச் 7, மாலை 5.45

காப்பீடு பற்றி யாரும் பேசவில்லையே. 2,000 ரூபாய்க்கு மேல் போகும் எதையும் நான் காப்பீடு இல்லாமல் அனுப்புவதில்லை. விரைவு அஞ்சலில்கூட, காப்பீடு செய்யாத பொருள் தொலைந்தால் கட்டணத்தைப் போல் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. கூடுதலாகக் கட்டினால் ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு செய்யலாம். அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்த்திருக்கிறேன் என்று வாங்குபவரிடம் சொல்லியும்விடுங்கள். இதுவரை ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

தபால்பை | மார்ச் 8, காலை 6.50

பெட்டியை மூடும் முன் ஒரு படம், மூடி எடைத் தட்டில் வைத்து ஒரு படம், ஒட்டிய முகவரியோடு ஒரு படம். கேமராப்பெட்டி தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அனுப்பியபோது 740 கிராம் இருந்து, போய்ச் சேர்ந்தபோது 90 கிராம் இருந்தால் எங்கே திறந்தார்கள் என்று எடையே காட்டிக்கொடுக்கும். உங்கள் தாளின் மேல் வேறு தாள் ஒட்ட வந்தால், மறைக்காமல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

செட்டிநாட்டுநூல் | ஏப்ரல் 22, இரவு 9.15

நீண்ட நாள் கழித்து வருகிறேன். 1915இல் பதிந்த புகாருக்கு, ‘டெலிவரி ஆகிவிட்டது, புகார் முடிக்கப்பட்டது’ என்று நிறுவனம் பதில் எழுதியது. அன்று மிகவும் உடைந்துபோனேன். பி 204 படத்தை அவர்களேதான் எனக்கு அனுப்பினார்கள், அதைப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

ஏப்ரல் 2 அன்று தலைமை அலுவலகத்துக்கு அறிவிப்பு அனுப்பினேன். ஒப்புகை வந்தது. நேற்று ஒருவர் அழைத்து, “நல்லெண்ண அடிப்படையில் 3,000 தருகிறோம், இத்தோடு முடித்துக்கொள்ளலாம்” என்றார். வாங்கிக்கொள் என்கிறார் கணவர்.

சட்டப்பக்கம் | ஏப்ரல் 22, இரவு 9.50

500இல் இருந்தவர்கள் 3,000 வரை வந்ததற்குக் காரணம் அந்தப் படம். உங்களுக்கு இப்போது பணம் அவசரம் என்றால் வாங்கிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. பொறுக்க முடியும் என்றால், சேலை விலையும் கூரியர் கட்டணமும் சேர்ந்த 6,810 ரூபாய்க்குக் குறைந்து ஏற்க மாட்டேன், இல்லாவிட்டால் சிவகங்கை ஆணையத்தில் மனு போடுகிறேன் என்று மின்னஞ்சலில் இரண்டே வரி எழுதுங்கள். ‘முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் மட்டும் பணம் கணக்குக்கு வரும் முன் கையெழுத்திடாதீர்கள்.

செட்டிநாட்டுநூல் | மே 11, மாலை 4.30

மே 8 அன்று 6,810 ரூபாய் கணக்குக்கு வந்துவிட்டது. மனு போட வேண்டிய தேவை வரவில்லை. மனுவை எழுதி, நகலை அவர்களுக்கு அனுப்பியதே போதுமாக இருந்தது. சேலைகள் கிடைக்கவில்லை. யார் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது.

அந்த நெசவாளரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய், அதே மஞ்சளில் மிச்சமிருந்த நூல்கண்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு சேலைக்கு வரும் என்றார். பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கு அந்த ஒன்றைப் புனே அம்மா கேட்டிருக்கிறார். இம்முறை காப்பீட்டோடு போகிறது.

குத்துவிளக்கு | மே 12, காலை 10.05

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். கும்பகோணத்திலிருந்து ஹைதராபாத்துக்கு 11,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு ஜோடி நாச்சியார்கோவில் விளக்கு அனுப்பினேன். நவம்பர் 20 அன்று பதிவு செய்தேன். தேடுகிறோம், தேடுகிறோம் என்றே ஆறு மாதம் ஆகப்போகிறது. எழுத்தில் நான் இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. காலம் கடந்துவிட்டதா?

சட்டப்பக்கம் | மே 12, காலை 10.12

இன்று 173ஆம் நாள். மே 19க்குள் அறிவிப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். ரசீதின் இரு பக்கங்களையும் இப்போதே இங்கே போடுங்கள், உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டு. வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். மதியத்துக்குள் அஞ்சலகத்தில் இருங்கள்.